பார்க்க வேண்டாதவை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆஸ்பத்திரியின் கணினியைப் படுக்க வைத்தவன் நான்தான், சார். கெர்னலுக்குள், அதாவது கணினியின் அடிவயிற்றுக்குள், உட்கார்ந்து நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளும் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன். எல்லாவற்றையும் குறி என்றேன். அது தான் குறிப்பதையும் குறித்தது. குறித்ததைக் குறித்ததையும் குறித்தது. மதியத்துக்குள் சேமிப்பு வட்டு நிரம்பி, மருந்துச் சீட்டு அச்சாவதே நின்றுபோனது. அன்றிலிருந்து எனக்கு 'எதிரொலி' என்று பெயர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதைச் சரிசெய்ய ஒரே வழி, எதைப் பார்க்க வேண்டாம் என்று அதற்குச் சொல்லிவைப்பது. சொல்லிவிட்டால், கண்ணெதிரே வீடு எரிந்தாலும் வாய் திறக்காது. எங்கள் மேலாளரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தினமும் மென்பொருள் தரும் எச்சரிக்கைகளை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவேன். மேலாளர் திறக்காமலே, "பாத்துட்டேம்ப்பா, சூப்பர்" என்பார். டாக்டர்கள், "என்ன எதிரொலி, இன்னைக்கு யார் தும்மினாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்கமாட்டார்கள். படித்தவர்கள், படிக்கத்தான் வராது.

தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளிகளின் இதயத் துடிப்பை நர்ஸ் மேசைக்குக் காட்டும் கணினி ஒன்று உண்டு. அதன் நினைவகம் மெல்ல நிரம்பிவந்தது. விட்டால் உறைந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணினியை, 'பார்க்க வேண்டாதவை' பட்டியலில் சேர்த்தேன். ஒருமுறை உறையட்டும், அலறிக்கொண்டு என் அறைக்கு ஓடி வரட்டும் என்றுதான். கொடுமைக்காரன் இல்லை, சார். தெருநாய்க்கு பிஸ்கட் போடாமல் நான் வேலைக்குப் போனதே கிடையாது.

உறைந்தது. நான் என் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைத் திரையில் பழைய துடிப்பு அப்படியே, அழகாக நின்றது. ஒரு பொத்தானைத் தட்டினால் சரியாகிவிடும். மேலாளர் வந்து கேட்கட்டும் என்று டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். யாரும் வரவில்லை. சன்னலோரக் கட்டிலில் இருந்த நோயாளி அதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார். அதைத்தான் நானும் சொல்கிறேன், சார்: கண்ணிருந்தும் பார்க்காத கூட்டம்.

என் பேச்சுக்குச் சாட்சி வேண்டும் என்றுதான், அன்று அந்த மேசையில் இருந்த நர்ஸை இந்த விசாரணைக்கு வரவழைக்கச் சொன்னேன். சற்றுமுன் உங்கள் எதிரிலேயே கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர். நான் அனுப்பினதை நீங்க யாராவது, ஒரு நாளாவது படிச்சிருக்கீங்களா?"

"நான் படிச்சேண்ணா. தினமும். அன்னைக்கு உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலையேன்னுதான், அந்தத் திரையை நம்பி உக்காந்திருந்தேன்."