ஊர்க்கூடத்துக் கெண்டியை எடுத்தது யார்?

ரோவீனா: ...பேச்சை மாத்தாதீங்க ஆம்ப்ரோஸ். புதன்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?

ஆம்ப்ரோஸ்: எங்க மாத்தினேன்? டீக்குப் பால் முதல்லயா, அப்புறமான்னுதானே கேட்டேன்.

ரோவீனா: இத்தனை வருஷமா பக்கத்து வீட்ல இருக்கேன். இன்னும் அது தெரியாதா? அப்புறம்தான். ம்... புதன்கிழமை?

ஆம்ப்ரோஸ்: வீட்லதான். பட்டனுக்குக் காது சுத்தம் பண்ணிட்டிருந்தேன்.

ரோவீனா: சாட்சி?

ஆம்ப்ரோஸ்: பட்டன்தான். டேய் பட்டன், எழுந்து வாடா. அம்மா உன்னைக் கேக்கறாங்க பாரு.

ரோவீனா: நாய் சாட்சி செல்லாது. அதுவும் இது பிஸ்கட்டுக்கு விலை போற நாய்.

ஆம்ப்ரோஸ்: அதான் உள்ள வரும்போதே ஒண்ணு போட்டீங்களே, பார்த்தேன். சாட்சியைக் கலைக்கிறது குத்தம் தெரியுமா, துப்பறியும் மகாராணி?

ரோவீனா: கிண்டல் போதும். இது சின்ன விஷயம் இல்ல. நாளைக்கு சர்ச் விழா. ஊர்க்கூடத்து அலமாரில இருந்த பெரிய டீக் கெண்டியைக் காணோம். அது இல்லாம அத்தனை பேருக்கு எதுல டீ போடறது?

ஆம்ப்ரோஸ்: சின்ன விஷயம்னு நான் சொல்லவே இல்லையே. விழா அன்னிக்கு மழை பெஞ்சாக்கூட நம்ம ஜனங்க குடைக்குள்ள நின்னுடுவாங்க. டீ இல்லைன்னா கலவரம்தான். ஸ்கோன் எடுத்துக்கோங்க, காலைல சுட்ட ரொட்டி.

ரோவீனா: லஞ்சமா?

ஆம்ப்ரோஸ்: ஸ்கோன்.

ரோவீனா: ...ஜாம் எங்க?

ஆம்ப்ரோஸ்: லஞ்சம் வேணாம், ஜாம் மட்டும் வேணுமாக்கும்!

ரோவீனா: இங்க பாருங்க. அந்த அலமாரித் தட்டுலேர்ந்து இதைச் சுரண்டி எடுத்தேன். என்ன இது?

ஆம்ப்ரோஸ்: சாம்பல்.

ரோவீனா: பைப் சாம்பல். இந்த ஊர்ல பைப் பிடிச்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் கர்னல். அவர் போய்ச் சேர்ந்தாச்சு.

ஆம்ப்ரோஸ்: அவரையும் விசாரிச்சீங்களா?

ரோவீனா: ஆம்ப்ரோஸ்!

ஆம்ப்ரோஸ்: இல்ல, எதையும் விடமாட்டீங்களேன்னு கேட்டேன். சரி, இன்னொருத்தர் நான். ஆனா நான் பைப்பை ஈஸ்டருக்கே விட்டாச்சே.

ரோவீனா: ...என்னது?

ஆம்ப்ரோஸ்: ஈஸ்டருக்கு. தூக்கிப் போட்டாச்சு.

ரோவீனா: எங்கிட்ட சொல்லவே இல்லையே!

ஆம்ப்ரோஸ்: நீங்க கேக்கவே இல்லையே. துப்பறியறவங்களுக்குக் கண்ணு மட்டும் இருந்தாப் போதுமா? மூக்கு வேணாம்?

ரோவீனா: அப்போ... அப்போ யாரோ உங்க மேல பழி போடப் பார்க்கறாங்க.

ஆம்ப்ரோஸ்: யாரு?

ரோவீனா: அதைத்தான் கண்டுபிடிக்கணும். இன்னொரு கப் ஊத்துங்க.

ஆம்ப்ரோஸ்: பின்பக்க ஜன்னல் வழியாத்தானே ஆள் புகுந்திருக்கான்?

ரோவீனா: ஆமா. கொக்கி வேலை செய்யாது. ஊருக்கே தெரியும்.

ஆம்ப்ரோஸ்: அந்த ஜன்னல் வழியா நான் புகுந்திருந்தா இன்னும் அங்கேயேதான் மாட்டிட்டிருப்பேன். இந்தத் தொப்பையைப் பாருங்க. இதுக்கு மேலயும் ஆதாரம் வேணுமா?

ரோவீனா: மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டுப் புகுந்திருக்கலாம்.

ஆம்ப்ரோஸ்: மூச்சை மட்டும் இழுத்தாப் போதாது ரோவீனா. இந்த ஸ்கோன் மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்கணும்.

ரோவீனா: சரி, அதை விடுங்க. நடையில என்ன அத்தனை அட்டைப்பெட்டி?

ஆம்ப்ரோஸ்: அதுவா... பழைய சாமான்.

ரோவீனா: பழைய சாமானுக்குப் புதுப்பெட்டியா? மேல பேரெல்லாம் எழுதி ஒட்டி?

ஆம்ப்ரோஸ்: இதுவும் விசாரணையா?

ரோவீனா: சும்மா கேட்டேன்...

ஆம்ப்ரோஸ்: ஜாமை இந்தப் பக்கம் தள்ளுங்க.

நெஸ்டா: கதவு திறந்துதான் இருந்துது, வந்துட்டேன். மிஸ்டர் ஃபென்னிக், முதல்ல உங்க நாயை நகத்துங்க. என் ஷூவை மோந்துட்டிருக்கு.

ஆம்ப்ரோஸ்: பட்டன், இங்க வா. அவங்க விழா கமிட்டித் தலைவி. தலைவியை எல்லாம் மோக்கக் கூடாது. வாங்க மிஸஸ் கிரேக், டீ?

நெஸ்டா: டீ குடிக்க எனக்கு எங்க நேரம்? ரோவீனா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. இனிமே நீங்க சிரமப்பட்டுத் துப்பறிய வேண்டாம். திருடி யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

ரோவீனா: தெரி... தெரிஞ்சுபோச்சா?

நெஸ்டா: ஐவி ஆட்ஜர்ஸ். கூடத்தைப் பெருக்கறாளே, அவதான்.

ரோவீனா: ஐவியா? சேச்சே! ஐவி ஒரு துரும்பைக்கூட எடுக்க மாட்டாளே.

நெஸ்டா: சாவி யார்கிட்ட இருக்கு? அவகிட்ட. புதன்கிழமை கடைசியாப் பூட்டினது யாரு? அவ. காலைல நேராவே கேட்டுட்டேன். பேசாம நின்னு அழறா. குத்தம் இல்லாதவ எதுக்கு அழணும்?

ஆம்ப்ரோஸ்: நீங்க கேட்ட விதத்துக்கு நானா இருந்தாலும் அழுதிருப்பேன்.

நெஸ்டா: இன்னியோட அவளை வேலையை விட்டு நிறுத்தறேன். போலீசுக்கும் போன் பண்ணப் போறேன். இந்த வழியாப் போறோமேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.

ரோவீனா: போலீசா? ஒரு கெண்டிக்குப் போலீசா?

நெஸ்டா: இன்னிக்குக் கெண்டி, நாளைக்கு உண்டியல்!

ரோவீனா: நெஸ்டா, நில்லுங்க. கொஞ்சம் நில்லுங்க. ஐவி மேல தப்பே இல்ல. அந்தக் கெண்டியை உண்மையில எடுத்தது...

ஆம்ப்ரோஸ்: நான்தான்.

நெஸ்டா: என்னது?

ஆம்ப்ரோஸ்: நான்தான் எடுத்தேன் மிஸஸ் கிரேக். உள்ளே ஒரே டீக் கறை. விழாவுக்கு முன்னாடி வினிகர் ஊத்தித் தேய்ச்சு வைக்கலாமேன்னு எடுத்துட்டு வந்தேன். அப்படியே மறந்துட்டேன்.

நெஸ்டா: மறந்துட்டீங்களா? ரெண்டு நாளா ஊரே அல்லாடுது, மறந்துட்டேங்கறீங்க!

ஆம்ப்ரோஸ்: வயசாகுதில்ல...

நெஸ்டா: நாளைக் காலைல கெண்டி அலமாரில இருக்கணும். விழாவுல காய்கறிப் போட்டி மேஜைப் பக்கமே உங்க சுரைக்காயைக் கொண்டு வரக் கூடாது. கமிட்டியிலேர்ந்தும் உங்க பேரை எடுத்தாச்சு.

ஆம்ப்ரோஸ்: சரிதான். ஆனா போற வழில ஐவி வீட்டு வாசல்ல கொஞ்சம் நில்லுங்க.

நெஸ்டா: எதுக்கு?

ஆம்ப்ரோஸ்: காலைல அழ வெச்சீங்களே, அதுக்கு. ‘தப்பா நினைச்சுட்டேன் ஐவி’ன்னு சொல்லுங்க. மூணே வார்த்தைதான். தலைவிங்க சொன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

நெஸ்டா: ...சொல்றேன். நாயைப் பிடிங்க.

ஆம்ப்ரோஸ்: போயாச்சு. கேட்டைக் கூடச் சாத்தல பாருங்க. இன்னொரு ஸ்கோன்?

ரோவீனா: எதுக்கு அப்படிச் சொன்னீங்க?

ஆம்ப்ரோஸ்: எப்படி?

ரோவீனா: நீங்க எடுக்கலையே.

ஆம்ப்ரோஸ்: அட! இவ்வளவு நேரம் நான்தான் எடுத்தேன்னு அடிச்சுப் பேசினீங்க. நானே ஒத்துக்கிட்டா இல்லைங்கறீங்களே.

ரோவீனா: நீங்க எடுக்கல. எனக்குத் தெரியும்.

ஆம்ப்ரோஸ்: எப்படித் தெரியும்?

ரோவீனா: தெரியும்.

ஆம்ப்ரோஸ்: ரோவீனா...

ரோவீனா: அது என் கட்டிலுக்கு அடியில இருக்கு.

ஆம்ப்ரோஸ்: க்கும்... க்கும்...

ரோவீனா: சிரிக்காதீங்க.

ஆம்ப்ரோஸ்: சிரிக்கல. இருமல்.

ரோவீனா: பொய்.

ஆம்ப்ரோஸ்: அப்போ... அப்போ அந்த ஜன்னல் வழியா... நீங்களா? பாவாடையோடயா?

ரோவீனா: முட்டி சிராய்ச்சுப் போச்சு. போதுமா?

ஆம்ப்ரோஸ்: அந்தச் சாம்பல்?

ரோவீனா: எங்க வீட்டுக் கணப்புலேர்ந்து அள்ளினது.

ஆம்ப்ரோஸ்: பாவி மகராசி! பட்டன், கேட்டியாடா? உன் எஜமானனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்திருக்காங்க. நீ அவங்க கொடுத்த பிஸ்கட்டைத் தின்னுட்டு வாலை ஆட்டிட்டிருக்க!

ரோவீனா: ஐவி மேல போய் விடியும்னு சத்தியமா நினைக்கல ஆம்ப்ரோஸ். வழக்கம்போல நீங்கதான்னு வந்து நிப்பேன், நீங்க மழுப்புவீங்க, நாளைக்குக் காலைல யாருக்கும் தெரியாம அலமாரில வெச்சிடலாம்னு... என் கோட்டு எங்க? நெஸ்டா தெரு முனை தாண்டியிருக்க மாட்டா. போய் உண்மையைச் சொல்லிட்டு வரேன்.

ஆம்ப்ரோஸ்: உக்காருங்க.

ரோவீனா: உங்க சுரைக்காய் என்னாகறது? தூளியில போடாத குறையா வளர்த்தீங்களே!

ஆம்ப்ரோஸ்: சூப் வெச்சுக் குடிப்போம். உக்காருங்கன்னேன். இந்த ஊருக்குத் துப்பறிய இருக்கறது ஒரே ஒரு ஆள். அவங்களே கள்ளின்னு தெரிஞ்சா, நாளைக்குப் பூனையைக் காணோம்னா ஜனங்க எங்க போவாங்க?

ரோவீனா: ஐவிகிட்டயாவது நான் சொல்லியே ஆகணும். சாயங்காலம் நேர்ல போய்ச் சொல்லிடறேன்.

ஆம்ப்ரோஸ்: அது நியாயம். சொல்லுங்க. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். எதுக்கு எடுத்தீங்க?

ரோவீனா: நீங்க எதுக்கு எடுத்தீங்க?

ஆம்ப்ரோஸ்: நான் எடுக்கலன்னு இப்போதானே...

ரோவீனா: கெண்டியை இல்ல. பாதிரியார் சைக்கிளை. நெஸ்டா வீட்டுக் குள்ளன் பொம்மையை. அதைக் கொண்டு போய்ப் பிரசங்க மேடையில நிக்க வெச்சீங்களே! அப்புறம் கிரிக்கெட் ஸ்டம்பு.

ஆம்ப்ரோஸ்: ...எப்போலேர்ந்து தெரியும்?

ரோவீனா: சைக்கிள்லேர்ந்து.

ஆம்ப்ரோஸ்: அதுதான் முதல் கேஸு!

ரோவீனா: திரும்பக் கிடைச்சப்போ செயினுக்கு எண்ணெய் போட்டிருந்துது. திருடிட்டுப் போய் ரிப்பேர் பண்ணித் திருப்பி விடற திருடன் வேற யாரு?

ஆம்ப்ரோஸ்: அது கிறீச் கிறீச்னு கத்திச்சு. என்னால பொறுக்க முடியல... ஏங்க, அப்போவே தெரிஞ்சா எதுக்கு இத்தனை நாள் வந்து வந்து விசாரிச்சீங்க? பாதிரியார் தோட்டத்துல முட்டி போட்டு டயர்த் தடம் எல்லாம் பார்த்தீங்களே!

ரோவீனா: விசாரிக்கலேன்னா வேற எதைச் சொல்லிட்டு இங்க வர்றது? என் வீட்டுக்காரர் லயனல் தவறிப்போன அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஜன்னல் திரையைக் கூட விலக்கல. யார் யாரோ வந்து ஆறுதல் சொன்னாங்க, பூ வெச்சுட்டுப் போனாங்க. கதவைத் திறக்கவே தோணல. நீங்க ஒருத்தர்தான் ஆறுதல் சொல்லல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, ‘ரோவீனா, பாதிரியார் சைக்கிளைக் காணோமாம்’னு கத்தினீங்க. அன்னிக்குத்தான் செருப்பைத் தேடி மாட்டினேன்.

ஆம்ப்ரோஸ்: டீ ஆறிடுச்சு.

ரோவீனா: ஆறட்டும். இந்த ஈஸ்டர்லேர்ந்து ஊர்ல ஒரு கைக்குட்டை கூடக் காணாமப் போகல. நானும் பார்த்தேன், பார்த்தேன்... என் நல்ல பூச்சட்டியை வேணும்னே வேலி ஓரமா வெச்சேன். நீங்க தொடக்கூட இல்ல.

ஆம்ப்ரோஸ்: அது திருடறதுக்கு வெச்சதா? நான் தினமும் தண்ணி ஊத்திட்டிருந்தேனே!

ரோவீனா: அப்புறம் அன்னிக்கு, வீடு வித்துக் கொடுக்கற ஆள் உங்க வாசல்ல நின்னு அளந்துட்டிருந்தான். எனக்கு அப்போவே விளங்கிடுச்சு. உங்க மக பிரைட்டனுக்குக் கூப்பிட்டுட்டே இருக்கா. போங்க, நல்லாப் போங்க, யார் தடுத்தா? ஆனா இத்தனை வருஷம் பழகினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம். நீங்களா சொல்றதாத் தெரியல. அதான் கெண்டியைத் தூக்கினேன். கடைசியா ஒரு தடவை இந்த நாற்காலில உக்காந்து உங்களை மிரட்டிட்டுப் போகலாம்னு...

ஆம்ப்ரோஸ்: ரோவீனா...

ரோவீனா: நான் ஒண்ணும் அழல. டீ சூடு, கண்ணு எரியுது.

ஆம்ப்ரோஸ்: டீ ஆறிடுச்சுன்னு இப்போதானே...

ரோவீனா: வாயை மூடுங்க. பிரைட்டனுக்கு என்னிக்குக் கிளம்பறீங்க?

ஆம்ப்ரோஸ்: பிரைட்டனுக்கு யார் போறா? அங்க காத்து அடிச்சு என் தொப்பி நிக்காது.

ரோவீனா: அப்போ வீட்டை வித்துட்டு வேற எங்க போறதா உத்தேசம்?

ஆம்ப்ரோஸ்: பக்கத்து வீட்டுக்கு. அந்த வீட்டம்மா என்னைக் கட்டிக்குவாங்களான்னு ஈஸ்டர்லேர்ந்து தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டுப் பழகிட்டிருக்கேன்... அதுல திருடறதுக்கே நேரம் கிடைக்கல.