கொட்டாவியின் பக்கத்தில் ஒரு பிரசங்கம்

"இந்தப் புள்ளி மட்டும் ஏன் தனியா நிக்குது? அதோட யாரும் பேச மாட்டாங்களா?"

இப்படிக் கேட்டது எங்கள் தேவாலயத்து ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி. நோவாவின் பேழைப் படம் காட்டப்போன நான், தவறுதலாக அலுவலகக் கோப்பைத் திறந்துவிட்டேன். திரையில் வந்து நின்றது எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வரைபடம். "பேசுவாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்கிற வகுப்பு அது. சொன்னதை உண்மையாக்குவது என் கடமையாயிற்று. நடந்தது அவ்வளவுதான். நீங்கள் இதை விசாரிக்க ஸ்டாக்ஹோமிலிருந்து இந்தப் பனியில் வந்திருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் சிக்ஸ்டன் ஆல்மார்க். நூலகத்தில் ஆய்வாளர்களின் வரைபடம் போடுகிறவன். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இருவர் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட வேண்டாம். மூன்றாவது ஆள் ஒருவர் தன் கட்டுரையின் கடைசியில், மேற்கோள் பட்டியலில், இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டால் போதும், புள்ளிகள் நெருங்கும். பலர் அப்படிப் போட்டால் அண்டை வீட்டாராகிவிடுவார்கள். யாரோ ஒருவர் நினைப்பதாலேயே இரண்டு பேருக்குள் உறவு உண்டாகிறது. பிரார்த்தனையும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தத் தனிப்புள்ளி குன்வோர் ஸ்டோல்நாக்கே. கலைமான்களின் கொட்டாவியை ஆராய்கிறவர். உலகத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அதனால் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

எங்கள் முதல்வர் பிர்கர் ஒருநாள் காபி வேளையில் அந்த வரைபடத்தைப் பார்த்தார். "தனியா நிக்கிற புள்ளிக்கெல்லாம் வருஷக் கடைசியோட வேலை கிடையாது. எதோடயும் ஒட்டாத ஆராய்ச்சி நமக்கு எதுக்குப்பா?" என்றார்.

குன்வோர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் போயிட்டா அதுங்க யார்கிட்ட போய்க் கொட்டாவி விடும், பிர்கர்?"

எல்லோரும் சிரித்தார்கள். குன்வோர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு நான் ஒரு சிறிய உதவி செய்வதுண்டு. அவர்களுடைய மேற்கோள் பட்டியலைச் சீர்செய்து தருவேன். காற்புள்ளி, அரைப்புள்ளி, அகரவரிசை. கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை. பட்டியலை எழுதியவர் திரும்பப் படிப்பதில்லை. வழிகாட்டி தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஆகவே ஒரு பட்டியலில் குன்வோரின் பெயரைச் சேர்த்தேன். துணைக்கு ஆன்செல்ம் டொரெலின் பெயரையும் சேர்த்தேன். டொரெல் எங்கள் இறையியல் துறையின் நடுத்தூண். நீண்ட பிரசங்கங்களின் வரலாற்றை எழுதியவர். பிரசங்கமும் கொட்டாவியும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பட்டியல் போதவில்லை. பாலத்துக் கான்கிரீட், பீட்ரூட் நோய், பல் கட்டுவது என்று வந்ததிலெல்லாம் இருவரையும் கைகோக்க வைத்து அனுப்பினேன். வசந்தத்துக்குள் வரைபடத்தில் குன்வோர் கூட்டத்தின் நடுவில் நின்றார். புதிய துறை பிறந்துவிட்டது என்று பிர்கர் கேக் வெட்டினார். அதற்கென்று ஓர் ஆய்வு மையம் திறந்து குன்வோரைத் தலைவராக்கினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து, பிரசங்கத்தின் நீளத்தைக் கொட்டாவியால் அளக்கலாம் என்று பேசினார். அவர் பேச்சும் நீளம்தான்.

டொரெல் என் அறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாடு கொட்டாவி விடுதுய்யா."

"மாடு இல்லை, கலைமான்" என்று பணிவாகத் திருத்தினேன்.

டொரெலின் புள்ளி கலைமான் பக்கம் நகர, அவரைச் சுற்றி நின்ற இறையியலாளர்கள் சிதறினார்கள். நடுவில்லாத துறை துறையே அல்ல என்று பிர்கர் இறையியலை மூடிவிட்டார். அவர்களுடைய சிற்றாலயத்தில் இப்போது கலைமான் தீவன மூட்டைகள் இருக்கின்றன. பக்தியுள்ள மனிதன் இதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். நான் புதன்கிழமைதோறும் அங்கே போய் ஜெபிக்கிறேன். வாசனை நன்றாகவே இருக்கிறது.

பிறகு ஒருநாள் குன்வோர் வந்தார். கையில் பல் மருத்துவ ஆய்வேடு ஒன்று.

"சிக்ஸ்டன், பல்லு கட்டுற பையனுக்கு என் கலைமான்கிட்ட என்ன வேலை?"

நான் ஆய்வேட்டை வாங்கி, பட்டியலில் காற்புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

"நீங்கதானா இது? நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பீங்க, தெரியும். ஆனா தலைவராக்கினதுலேர்ந்து நான் ஒரு கலைமானைக்கூடப் பாக்கல. நாள் பூரா மீட்டிங். இப்போ கொட்டாவி விடறது நான்தான்."

"அதையும் குறிச்சு வெச்சுக்கலாமே."

"விளையாடாதீங்க. என்னைத் திரும்பத் தனியா விட்டுடுங்க. வேலை போனாலும் பரவாயில்ல."

நான் எங்கள் வடபகுதி வழக்கப்படி மூச்சை உள்ளே இழுத்தேன். இங்கே அதற்குச் சம்மதம் என்று பொருள். உண்மையில் நான் மூச்சுதான் வாங்கினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனதற்கு நான் பொறுப்பில்லை. தனியாக விடுங்கள் என்று தாழ்மையுள்ளவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அந்த வாரம் வந்த எல்லாப் பட்டியல்களிலும் அவரை இரண்டு முறை சேர்த்தேன்.

உங்களுக்குப் புகார் எழுதியவர் அவர்தான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்லை. வேலையை விட்டுவிட்டு மலைமேல் கலைமான்களோடு, சம்பளமில்லாமல் இருக்கிறாராம். தனியாக இருக்கிறார் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வரைபடத்தில் அவர் இன்னும் கூட்டத்தின் நடுவில்தான் இருக்கிறார்.

ஆகவே, ஆம். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். இனிச் செய்ய மாட்டேன் என்று காலையில் நீங்கள் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மதியம் எனக்குப் பசிப்பதைப் பார்த்து உங்கள் லவங்கப்பட்டை பன்னில் பாதியைப் பிட்டுத் தந்தீர்கள். குற்றவாளிக்கு யார் அப்படித் தருவார்கள்? அப்போதே உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தேன். வழுக்காமலிருக்க நடைபாதைப் பனியில் மணல் தூவும் சட்டத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறீர்கள். அருமையான நூல். வரைபடத்தின் ஓரத்தில், யாருமில்லாத இடத்தில் நிற்கிறீர்கள்.

நீங்கள் காபி எடுக்க வெளியே போனபோது அறையில் வேறு யாரும் இல்லை. நாளை அச்சுக்குப் போகும் ஒரு பட்டியல் என் கைபேசியில் இருந்தது. மீன்குடல் புழுவை ஆராயும் ஒருவரின் பக்கத்தில் உங்களைச் சேர்த்துவிட்டேன். நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள். நன்றியெல்லாம் வேண்டாம்.