போணிக் கை

கொரியச் சோறு ஒன்றும் நமக்குப் புதிய சாப்பாடு இல்லை, மேடம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றைக் கலக்காமல் தனித்தனியாக எடுத்து வைத்தால் அதுதான். அடியில் சோறு. மேலே கேரட், கீரை, காளான், முளைப்பயறு, கோழியோ பனீரோ. நடுவில் ஒரு முட்டை. ஓரத்தில் சிவப்பாக ஒரு மிளகாய் விழுது. எதை வைக்கலாம், எதை விடலாம் என்பதைச் சாப்பிடுகிறவர்களே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸ் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் அதற்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் வைத்ததைத் தின்று வளர்ந்த பிள்ளைகள். தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்குவதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

சூட்சுமம் அரிசியில் இருக்கிறது. கொரியாவிலிருந்து வருகிற அரிசி கட்டுப்படியாகாது. புனே பக்கத்து இந்திராயணி அரிசி கொஞ்சம் குழைந்து ஒட்டும். அதைப் போட்டால் கொரியாக்காரனே குறை சொல்ல மாட்டான். ஜெயின் ஆட்களுக்குப் பூண்டு, வெங்காயம் இல்லாத கிம்ச்சி, அதாவது கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய், தனி டப்பாவில் இருக்கும். கரண்டியும் தனி.

நீங்கள் தங்கமயிலைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். தமிழ் தெரிந்த அதிகாரியாக வந்ததில் எனக்கு நிம்மதி. இந்தியில் சொன்னால் இதெல்லாம் வேறு மாதிரிக் கேட்கும்.

எங்கள் அப்பா தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தார். பிரம்மநாயகம் என்று எனக்குப் பேர் வைத்ததைத் தவிர அவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான்: போணி. காலையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறதோ, அந்தக் கையின் ராசிதான் கடை சாத்தும்வரை கல்லாவில் நிற்கும். படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஊரில் குஜராத்தி, மராட்டி, மார்வாடி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சொல்கூட ஏறக்குறைய இதேதான்.

கொரியக் கடை போட்டதும் முதல் மழைக்காலம் முழுக்க ஈ ஓட்டினேன். அப்போதுதான் தங்கமயில் வேலை கேட்டு வந்தாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அண்ணன் இசக்கிராஜுக்கு அம்பர்நாத்தில் பாக்டரி வேலை. அவன் வீட்டிலிருந்து ரயிலில் வந்து, குர்லாவில் மாறி, கடை திறக்கும் முன்னே வந்து நிற்பாள். கொரிய நாடகங்களைப் போனில் பார்த்துப் பார்த்தே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கொரிய எழுத்தைக் கண்டால் கடகடவென்று வாசிப்பாள். கேட்கவே வேடிக்கையாக இருக்கும்.

அவள் வந்த மறுநாள் நான் கேஸ் சிலிண்டருக்காக வெளியே நின்றிருந்தேன். முதல் கிண்ணத்தை அவள்தான் கொடுத்தாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் சோறு தீர்ந்துவிட்டது. அடுத்த நாள் வேண்டுமென்றே நான் போணி செய்து பார்த்தேன். பழையபடி ஈ. மறுபடியும் அவள் கையில் விட்டேன். மறுபடியும் வரிசை. அதற்குப் பிறகு நான் சோதித்துப் பார்க்கவில்லை. தெய்வத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கக் கூடாது.

நான் அவளை மரியாதையாகத்தான் வைத்திருந்தேன். மற்ற வேலைக்காரர்கள் பாத்திரம் தேய்ப்பார்கள்; அவள் கையைச் சோப்புத் தண்ணீரில் வைக்க விடமாட்டேன். காய் நறுக்கவும் விடமாட்டேன். அவளே கேட்பாள், "எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி ஆராம், வேலயே குடுக்க மாட்டேங்கியளே?" என்று. நான் சிரித்துக்கொள்வேன்.

விக்ரோலியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனுடைய அம்மா விசாரிப்பதற்குக் கடைக்கே வந்து, ஒரு கிண்ணம் வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள், "பிள்ள எப்படி அண்ணாச்சி? ஒங்க கண்ணு முன்னாடி இருக்குற பிள்ள, நீங்க சொன்னா சரி." நான் தங்கமயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. "நல்ல பிள்ளைதான், பாவம்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான். அந்த அம்மா முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். பெருமூச்சு விடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வேலை. மெட்ராஸ் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் கொரியக் கம்பெனிகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஒன்றில் பாஷை பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று இவளுக்கு அழைப்பு. விசாரிப்பதற்கு என் நம்பரைக் கொடுத்திருந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து கேட்டாள். "கெட்டிக்காரி. ஆனால் கை கொஞ்சம் நீளம். கல்லாப் பக்கம் மட்டும் விடாதீர்கள்" என்றேன். யோசித்துப் பாருங்கள், மேடம். அப்பேர்ப்பட்ட கைராசிக்காரியின் கையைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்திருக்கும். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வேலை கிடைக்கவில்லை என்று அவள் அழுதாள். நான் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்துத் தேற்றினேன்.

பிறகு ஒருநாள் கடை சாத்தும் நேரம், ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த மாசத்தோட நான் நின்னுக்கிடுதேன்."

"எங்கட்டி போற?"

"மெட்ராஸ் பக்கந்தான். வேற கம்பெனி. வீடியோ கால்லயே இன்டர்வியூ முடிச்சிட்டாவ. பக்கா ஆயிட்டு."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே அவுக?"

"ஒங்க நம்பர் குடுக்கல அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்குச் சும்மா தொந்தரவுன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துதான் சிரித்தாளா, தெரியாமல் சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தெரிந்திருந்தால் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. நான் சந்தோஷம் என்றேன். போய் நன்றாக இரு என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது நடிப்பில்லை.

எங்கள் கடையில் பரண் உண்டு. மிளகாய் விழுது டப்பாக்கள் அங்கேதான் இருக்கும். ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி. அவள் நிற்கப்போகும் வாரத்தில் அந்த ஏணியிலிருந்து விழுந்தாள். படியில் நல்லெண்ணெய் சிந்தியிருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் சரியாகவே சொல்கிறேன்: சிந்தவில்லை, தடவினேன். சிந்தினால் எண்ணெய் வீண், வேறு யாராவது மிதித்தாலும் விழுவார்கள். மேலிருந்து இரண்டாவது படி, அதுவும் அவள் ஏறிய பிறகு. கீழே தலை இடிக்கும் இடத்திலும் கை ஊன்றும் இடத்திலும் அரிசி மூட்டைகளை முன்கூட்டியே நகர்த்திப் போட்டிருந்தேன். டப்பாவை நீ தூக்கி வராதே, நான் வாங்கிக்கொள்கிறேன், கையை வீசிக்கொண்டு இறங்கு என்றும் சொல்லியிருந்தேன். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்தன. கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு நான்தான் ஓடினேன். இசக்கிராஜ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெய்வம் மாதிரி வந்தீய அண்ணாச்சி. எங்க வூடு ஒரே கோலி, ஒத்த ரூம்புதான். இவள எங்க கெடத்தன்னு தெரியாம முழிச்சேன். நீங்க பாத்துக்கிட்டா எங்களுக்கு டென்ஷன் இல்ல" என்றான். பாவம், அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளை என்று ஆயிரம் இருக்கிறது. நான் என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. காற்றோட்டமான அறை.

காலையில் நானும் வாட்ச்மேனும் நாற்காலியோடு தூக்கி அவளை இறக்குவோம். டாக்ஸியில் கடை. கடையில் சக்கர நாற்காலி உண்டு; அதைக் கடையிலேயே பூட்டி வைத்துவிடுவேன். வீட்டில் எதற்கு? வீட்டில் நாங்கள் இருக்கிறோம்.

மறுபடி நடக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். தினமும் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணையும் அனுப்பினார். அந்தப் பெண் காலைப் பிடித்து மடக்க, இவள் வலியில் துடிக்க, பார்க்கச் சகிக்கவில்லை. நின்றால் நடப்பாள், நடந்தால் ஏணி ஏறுவாள், மறுபடி விழுவாள். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவளே மறுக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவளுடைய போன் அவள் ஏணியிலிருந்து விழுந்தபோதே நொறுங்கிப்போனது. புதிது வாங்கியிருக்கலாம்தான். போன் இருந்தால் மெட்ராஸ் ஞாபகம் வரும், மனசு கெடும். இசக்கிராஜ் கூப்பிட்டால் என் போனில் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பேன். நன்றாக இருக்கிறேன் என்பாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அந்தப் பிள்ளைய அவுக அண்ணன்ட்ட உட்ருங்க. எந்நேரமும் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். உனக்கு வியாபாரம் தெரியாது என்றேன். நாற்பது பேர் உட்காரும் இடமாகக் கடையைப் பெரிதாக்கியிருந்தேன் அப்போது. போணி அவள் கையால்தான். ராசி ஒரு நூல்கூடக் குறையவில்லை.

குறை ஒன்றே ஒன்று. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் வருகிறவர்களைப் பார்த்து, "ஒசொ ஒசேயோ" என்பாள். கொரியாவில் கடைக்காரர்கள் வாங்க வாங்க என்று கூப்பிடுவது அப்படித்தானாம். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அது நின்றுபோனதும், "தீதி ஏன் பேச மாட்டேங்குறாங்க?" என்று அவளைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் அவளிடம் எடுத்துச் சொன்னேன். வாயைத் திறந்து வாங்க என்று சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்றேன்.

ஒரு காலையில் அவளாகவே ஆரம்பித்தாள். வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "தொவா ஜுசேயோ" என்றாள்.

"என்னட்டி, புதுசா இருக்கு?"

"அதேதான் அண்ணாச்சி. இது இன்னும் மருவாதியாச் சொல்லுறது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். மனைவியிடம் போய்ச் சொன்னேன், பார், பழகிவிட்டாள் என்று. நானும் அதைக் கற்றுக்கொண்டேன். சொல்லும்போது உதட்டைக் குவிக்க வேண்டும் என்று அவளே திருத்தினாள். அதன் பிறகு வாசலில் நின்று கைகூப்பி, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் நான், "தொவா ஜுசேயோ, தொவா ஜுசேயோ" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் என்னை வீடியோ எடுத்தார்கள். "அங்கிள், க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு என்கிற மாதிரி, தோளைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன். வியாபாரிக்கு வெட்கம் எதற்கு?

பரீஹா என்றொரு பெண். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் அப்துல் ஹாதியின் மகள். அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். செம்பூரில் காலேஜ் படிக்கிறாள்; தங்கமயிலைப் போலவே கொரிய நாடகம் பார்த்துப் பாஷை பிடித்தவள். எப்போதும் காளானும் கிம்ச்சியும் கூடுதலாகக் கேட்பாள். பரீட்சை முடிந்து ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று வந்தாள். நான் கைகூப்பிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அங்கிள், இதுக்கு மீனிங் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமே, வாங்க வாங்கன்னு அர்த்தம்."

"யார் சொல்லிக்குடுத்தா?"

நான் தங்கமயிலைக் காட்டினேன். பரீஹா கண்ணாடிப் பக்கம் போய் நின்றாள். தங்கமயில் சோற்றை வைத்தாள், காளானை வைத்தாள், கிம்ச்சியை வைத்தாள்; வைத்துக்கொண்டே கொரியப் பாஷையில் பேசினாள். நீளமாக, சீராக, பாடம் ஒப்பிப்பதுபோல. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போடுவதுபோல, "நே, நே" என்று மட்டும் சொன்னாள். மிளகாய் விழுது எவ்வளவு வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு பேசியதைக் கேட்கக் காதுக்கு இதமாக இருந்தது. பரீஹா கிண்ணத்தைத் தொடாமலே வெளியே போனாள். சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிறாயே என்று பின்னாலேயே கூப்பிட்டேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை நீங்கள் வந்தீர்கள். நல்ல வேளை, போணி முடிந்த பிறகு வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். போனில் அப்படிச் சொன்னது நான். ஏணியில் எண்ணெய் தடவியது நான். பயிற்சியை நிறுத்தியதும், நாற்காலியைப் பூட்டியதும், வெளியே போகும்போது வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனதும் நான்தான். என் மனைவிக்கு எதிலும் பங்கில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. அந்தச் சொல்லுக்கு, "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று அர்த்தம் என்றீர்கள். இத்தனை நாளும் ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் அதைக் கேட்டிருக்கிறாள். உதவி வேண்டுமென்றால் என்னிடம் தமிழில் கேட்டிருக்கலாமே, மேடம். நான் அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.