இரண்டாவது ஆலை

சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது. முதல்நாளே ஒரு போன் போட்டுவிடுவேன். இந்த நல்ல பழக்கத்தைத்தான் நீங்கள் இப்போது குற்றம் என்கிறீர்கள். சரி, விசாரிப்பது உங்கள் வேலை.

என் வேலை வியாபாரத்தில் போட்டியைக் காப்பாற்றுவது. ஆட்டிறைச்சி பதப்படுத்தும் இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர ஆசைப்பட்டன. சேர்ந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் ஆடு வாங்க ஒரே ஆள்தான், அவர் சொன்னதுதான் விலை. ஆகவே எங்கள் போட்டி ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: இரண்டு ஆலைகளில் சின்னதை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும், அது ஐந்து வருடமாவது தனியாக ஓட வேண்டும். அதை எழுதியவன் நான். பலே என்றார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. தன் சமையலுக்குத் தானே மார்க் போடும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

சின்ன ஆலையை வாங்கியவர் பெரிய கம்பெனி முதலாளியின் மைத்துனர். மைத்துனர்கள் தங்களுக்குள் கடுமையாகப் போட்டி போடுவார்கள் என்று நம்பினேன். என் மைத்துனரை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல்முறை போனபோதே விஷயம் விளங்கிவிட்டது. கத்திகளில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. ஆடுகளின் முதுகில் பெரிய ஆலையின் நீலச் சாயக் குறி. தொழிலாளிகளில் பாதிப் பேருக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் போன் போட்டால் மறுநாள் ஆலை ஓடும். நான் கிளம்பியதும் பூட்டிவிடுவார்கள். ‘ஆரோக்கியமான போட்டி நிலவுகிறது’ என்று எழுதினேன். என் நிபந்தனை பல்லிளித்துவிட்டது என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்களா?

குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். ஐந்தாவது தடவை போனபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், மூணு மாசம் சும்மா கெடக்குற மெஷினை உங்களுக்காக ஒரு நாள் ஓட்டுறோம். அமோனியா போற குழாயெல்லாம் துருப்பிடிச்சு இத்துப்போச்சு. வெடிச்சா உள்ள இருக்கிறவன் ஒருத்தனும் தப்ப மாட்டான். என் மச்சானும் உள்ளதான் நிக்கிறான். ஆலை ஓடலைன்னு எழுதிடுங்க சார், புண்ணியமாப் போகும்.”

“எழுத்துல குடுங்க,” என்றேன்.

கொடுத்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, பாவம். இரு தரப்பையும் கேட்பது எங்கள் முறை. அதனால் அந்தக் கடிதத்தை மேனேஜரிடம் நீட்டினேன். அந்த வாரமே ஸ்பானருக்குச் சீட்டுக் கிழிந்தது.

அடுத்த ஆய்வுக்கு முதல்நாள் அவர் போனில் அழைத்தார்.

“நாளைக்கு வராதீங்க சார். அந்த மெஷினைத் தொடத் தெரிஞ்ச ஆளே அங்க இல்ல. நீங்க வரலைன்னா ஓட்ட மாட்டாங்க. கால்ல வேணா விழுறேன்.”

அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

புதன்கிழமை காலை மேனேஜர் அறையில் டீ கொடுத்தார்கள். உள்ளே வந்து பார்க்கும்படி அழைத்தார்கள். தொண்டை சரியில்லை, இந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். நான் எதையும் மறைக்கிறவன் அல்ல. இருபது நிமிடத்தில் குழாய் வெடித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. பின்கதவு பூட்டியிருந்ததாம். ஒரு நாள் கூத்துக்கு எதற்கு இரண்டு வாசல் என்று நினைத்திருப்பார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஸ்பானரின் மச்சானை ஆறாவதாக வெளியே தூக்கி வந்தார்கள்.

ஆமாம், எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் அறிக்கையைப் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். சொன்னபடி வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன், நீங்களே படித்துப் பாருங்கள்: ‘ஆய்வு நாளன்று ஒன்பது தொழிலாளர்கள் பணியின்போது இறந்தனர். எனவே ஆலை இயங்கிவருவது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது.’