நாலு மணிக்கு இடது பக்கம்

இல்லைங்க சார், தண்ணியெல்லாம் வேணாம். நேரா விஷயத்துக்கு வாங்க. எங்க இன்சார்ஜ் சிஸ்டர் எப்படின்னுதானே கேட்டீங்க? சொல்றேன். இந்த ஆஸ்பத்திரியில இருபத்தி மூணு வருஷமா நர்ஸா இருக்கேன். இந்த வார்டுல மட்டும் பதினாலு வருஷம். அஞ்சாறு இன்சார்ஜைப் பாத்துட்டேன். இப்படி ஒருத்தங்களை நான் பாத்ததே இல்ல. ஆமா, அப்படியே எழுதிக்குங்க.

இன்சார்ஜ்னா எப்படி இருக்கணும் சார்? இவங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்க இன்சார்ஜ்! லிஃப்ட்டை விட்டு இறங்கறப்பவே ஷூ சத்தம் கேக்கும், நாங்க அலறி அடிச்சுக்கிட்டு எழுந்து நிப்போம். கண்ணாடி ரூம்ல மேஜை மேல ஆறு ஃபைல், ஆறு கலர். எந்தப் பெட்ல யாரு படுத்திருக்காங்கன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. ஆனா எந்தக் கலர் ஃபைல்ல எந்தக் காகிதம் இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. உங்களுக்கெல்லாம் அவங்களை ரொம்பப் புடிச்சிருந்தது. மூணு வருஷமா வரிசையா சிறந்த வார்டுன்னு வாசல்ல ஷீல்டு மாட்டுனீங்க. ஒரு தடவை நீங்களே வந்துதான் மாட்டுனீங்க, ஞாபகம் இருக்கா? வாசலோட திரும்பிப் போயிட்டீங்க. உள்ள நாத்தம்னு யாரோ சொல்லியிருப்பாங்க.

சரி, இவங்க கதைக்கு வரேன். வந்த முதல் நாளே, அந்தக் கண்ணாடி ரூம்ல இருந்த சுழல் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்து, கால் வீங்கிப்போயிருந்த ஒரு ஆயாம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. இவங்களுக்கு ஒரு ஸ்டூல் போதுமாம். அந்த ஸ்டூலை இடுப்புல இடுக்கிக்கிட்டு வார்டு முழுக்கச் சுத்துவாங்க. ஒவ்வொரு பெட்டுகிட்டயும் போட்டு உக்காருவாங்க. எதுக்கு இந்தக் கூத்துன்னு நான் நேராவே கேட்டேன். நின்னுக்கிட்டுப் பேசினா, படுத்திருக்கறவங்க நம்மளை அண்ணாந்து பாக்கணுமாம், கழுத்து வலிக்குமாம். கேட்டுக்குங்க நியாயத்தை!

பேரா? நாங்க அவங்களுக்கு வெச்ச பேரா? அதெல்லாம் எதுக்கு சார்... சரி, சொல்றேன். கை. அவ்வளவுதான். கை வருதுடின்னு ஒருத்தி சொன்னா போதும், எல்லாரும் போனை ஜோப்புல போட்டுடுவாங்க. ஏன்னா அவங்க சார்ட்டைப் பாக்க மாட்டாங்க. நாம மாங்கு மாங்குன்னு எழுதி வெச்சிருப்போம், ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க. நேரா போய் பேஷண்டோட முதுகுக்கு அடியில உள்ளங்கையை விடுவாங்க. விட்டுட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருப்பாங்க. துணி ஈரமா இருக்கா, ஒரே இடத்துல சூடு ஏறியிருக்கா, சுருக்கம் உறுத்துதா, எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அப்புறம் எந்திரிச்சு, யாரையும் கூப்பிடாம, அவங்களே துணியை மாத்துவாங்க. நாம போய் கூட நிக்கணும், வேற வழி? திட்டவும் மாட்டாங்க. ஒரே ஒரு தடவை எங்க எல்லாரையும் நிக்க வெச்சு ஒண்ணு சொன்னாங்க. செஞ்சுட்டு எழுதுங்க, எழுதிட்டுச் செய்யாதீங்கன்னு. அவ்வளவுதான் அவங்க பண்ணின நிர்வாகம்.

சிரிக்காதீங்க. உங்க மீட்டிங்குக்கு எப்படி வருவாங்கன்னு நீங்களே பாத்திருக்கீங்களே. கை மடிப்பெல்லாம் ஈரம், உடம்புல டெட்டால் வாடை. நீங்க திரையில படம் போட்டு ஏதோ கோடு ஏறுது இறங்குதுன்னு காட்டிக்கிட்டு இருப்பீங்க, இவங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு தடவை பாதி மீட்டிங்கில எந்திரிச்சு வந்துட்டாங்கன்னு பெரிய ரகளை ஆச்சே? எதுக்கு வந்தாங்க தெரியுமா? ஒரு பொம்பளைக்குத் தலையில சிக்கு. மூணு மாசம் படுத்த படுக்கையா கிடந்து, முடி கட்டை மாதிரி ஆயிடுச்சு. வெட்டிடலாம்னு நான்தான் கத்தரியை எடுத்தேன். வேணாம், மீட்டிங் முடிஞ்சு வந்து பாக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. மனசு கேக்கல போல, முடியறதுக்குள்ளயே வந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் சார். எண்ணெய் தடவி, சிக்கை ஒவ்வொரு இழையா எடுத்து, பின்னல் போட்டு விட்டாங்க. அந்தப் பொம்பளை மறுவாரம் செத்துப்போச்சு. சாகப்போறவளுக்கு எதுக்குங்க பின்னல்? அதைத்தான் நான் கேட்டேன். அதுக்கு அவங்க, பொண்ணு வந்து பாக்கும்ல அப்படீன்னாங்க. பொண்ணு வந்தா. பாத்தா. அந்தப் பின்னலைப் புடிச்சுக்கிட்டுத்தான் அழுதா.

என் விஷயமா? எனக்கும் அவங்களுக்கும் தகராறா? தகராறு என்ன சார் தகராறு. அவங்களை விட நான் ரெண்டு வருஷம் சீனியர். அந்த வேலை எனக்கு வந்திருக்கணும். அது உங்களுக்கும் தெரியும், அதுக்குத்தானே மத்தவங்களை விட்டுட்டு என்னை முதல்ல கூப்பிட்டீங்க? நானும் பச்சைக் குழந்தை இல்ல. எனக்கு வயித்தெரிச்சல் இருக்குன்னு வார்டுக்கே தெரியும். ரெண்டு வருஷமா அவங்க எது செஞ்சாலும் குத்தம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்.

இன்னொரு கொடுமையைக் கேளுங்க. என் வீட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி மேல் மாடியில கிடந்தாரு. பதினோரு நாள். நான் டூட்டி முடிஞ்சு போய் எட்டிப் பாப்பேன், பழம் வெச்சுட்டு வந்துடுவேன். ஒரு நாள் பாத்தா, மனுஷன் மூஞ்சி பளபளன்னு இருக்கு. யாரு ஷேவ் பண்ணி விட்டாங்கன்னு கேட்டேன். உங்க இன்சார்ஜம்மாதான், தினம் சாப்பாட்டு நேரத்துல வராங்கன்னாரு. ஒரு இன்சார்ஜ் சார்! ஊரான் புருஷனுக்கு ஷேவ் பண்றதா வேலை? கட்டின பொண்டாட்டி எனக்குத் தோணல, அவங்களுக்கு எப்படித் தோணுச்சு? எனக்கு மானமே போச்சு. அந்த மனுஷன் இன்னிக்கும் கண்ணாடி முன்னாடி நின்னா, அவங்க கை மாதிரி வராதுடிங்கறாரு. பிளேடைப் புடுங்கி வீசலாம்னு வரும்.

வரேன், வரேன். டீச்சரம்மா விஷயத்துக்குத்தான் வரேன். உங்களுக்கு அவசரம், தெரியுது.

பதினாலாம் பெட் டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவங்க. பக்கவாதம், வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. ஆனா கண்ணு பேசும். இந்த மாதிரிக் கேஸுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம், மறுபடி இடது பக்கம். திருப்பிட்டு சார்ட்ல நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். திருப்பலைன்னா எலும்பு அழுத்துற எடத்துல தோலு செத்துப் புண்ணு வரும். அவங்களுக்கு வந்துச்சு. இடுப்புக்குக் கீழ, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. மகன் பாத்துட்டுக் கத்தினாரு. கத்தாம? பெத்த தாயாச்சே. அவர் எழுதின புகார்தான் உங்க முன்னாடி இருக்கு.

சார்ட்டு சுத்தமா இருக்கா? இருக்கும் சார். எங்க வார்டு சார்ட்டு எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். சார்ட்ல ஒரு நேரம் விடாமத் திருப்பியிருக்காங்க, முதுகுல புண்ணு. எது பொய்யின்னு கண்டுபிடிக்க உங்களுக்கு மூணு வாரம் விசாரணை வேண்டியிருக்கு.

உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கைதான் தினம் முதுகுக்கு அடியில போகுதே, அப்புறம் எப்படிப் புண்ணு வந்துச்சு? யோசிச்சீங்களா? இல்ல, யோசிச்சிருக்க மாட்டீங்க. நான் சொல்றேன். புண்ணு வந்த அந்த மூணு நாளும் கை வார்டுல இல்ல. நீங்கதான் ஆர்டர் போட்டு அனுப்பியிருந்தீங்க, பயிற்சின்னு. என்ன பயிற்சி? தலைமைப் பண்புப் பயிற்சி! ஏசி ஹால், கழுத்துல அட்டை, யாரோ ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு, உங்க கீழ வேலை பாக்கறவங்களைப் புரிஞ்சுக்கறது எப்படின்னு சொல்லிக் குடுத்தாராம். இவங்க கெஞ்சினாங்க, வார்டுல ஆள் இல்ல, அடுத்த மாசம் போறேன்னு. போகலைன்னா மெமோன்னீங்க. அந்தக் கடுதாசி இருக்கு சார், அதையும் ஃபைல்ல சேத்துக்குங்க. சேப்பீங்களா? அதானே.

நாலாம் நாள் காலையில வந்தாங்க. பையைக்கூட வைக்கல. நேரா டீச்சரம்மா முதுகுக்கு அடியில கையை விட்டாங்க. விட்ட கையை எடுக்கவே இல்ல. டீச்சரம்மா கண்ணுல இருந்து தண்ணி வழியுது. இவங்க சார்ட்டை எடுத்தாங்க. நான் சொன்னேன்ல, அவங்க சார்ட்டே பாக்க மாட்டாங்கன்னு? அன்னிக்குப் பாத்தாங்க. ஒவ்வொரு வரியா விரலை வெச்சு. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. அப்புறம் மூடி வெச்சுட்டு, வெந்நீர் கொண்டு வாங்கன்னாங்க. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் பத்து நாள், நீங்க விசாரணைன்னு வீட்டுக்கு அனுப்பற வரைக்கும், ரெண்டு மணி, நாலு மணி, ஆறு மணி, எட்டு மணின்னு அவங்களே வந்து பெட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. மத்தியான டூட்டி என்னுது, நான் இந்தப் பக்கம். துணியைப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணும்பாங்க. திருப்புவோம். பத்து நாளா அவங்க என்கிட்ட பேசினது அது மட்டும்தான் சார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு வார்த்தை திட்டலாம்ல? அந்தப் பழைய இன்சார்ஜா இருந்திருந்தா நடு வார்டுல நிக்க வெச்சு நாறடிச்சிருப்பாங்க, நானும் பதிலுக்கு நாலு குடுத்துட்டு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இவங்க அந்தத் தூக்கத்தைக்கூட விட்டு வைக்கல.

என்ன எழுதிக் குடுத்திருக்காங்க? அந்த அறிக்கையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. என் வார்டு, என் மேற்பார்வைக் குறை, முழுப் பொறுப்பும் என்னுது. பாருங்க, ரெண்டே வரி. இதுக்குப் பேர் என்ன சார், பெருந்தன்மையா? இதை வெச்சு நீங்க அவங்களைப் பதவி இறக்கப் போறீங்க. சார்ட்ல இருக்கற கையெழுத்து யாருதுன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா? கேட்டீங்க, சொல்லலையா? சொல்ல மாட்டாங்க. கோழி கிறுக்கின மாதிரி ஒரு சுழி, ஒரு வாலு, எல்லா நர்ஸும் அப்படித்தான் போடுவோம், உங்களால கண்டுபிடிக்க முடியாது.

நீங்க டைப் அடிச்சு வெச்சிருக்கற இந்தத் தாளுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா? மேற்பார்வை சரியில்லைன்னு? போட்டா அந்த இன்சார்ஜ் வேலை... ஓ, அதையும் நீங்களே சொல்லிட்டீங்களா. நல்லது. வெளிப்படையாப் பேசறீங்க, சந்தோஷம்.

அந்த சார்ட்டை எடுங்க. மூணாம் பக்கம். பயிற்சியோட ரெண்டாம் நாள். நாலு மணிக்கு என்ன இருக்கு? இடது பக்கம். கையெழுத்து இருக்கா? சரி. இப்ப கீழ ஸ்கேன் ரூமுக்கு ஆள் அனுப்பி அவங்க ரிஜிஸ்டரைக் கொண்டு வரச் சொல்லுங்க. அன்னிக்கு மூணே முக்கால்ல இருந்து நாலரை வரைக்கும் டீச்சரம்மா ஸ்கேன் மெஷினுக்குள்ள மல்லாக்கப் படுத்திருந்தாங்க. வார்டுலயே இல்லாத பேஷண்டை வார்டுல இடது பக்கமாத் திருப்பியிருக்கா ஒருத்தி. எப்படி? ரெண்டு மணிக்கு டூட்டிக்கு வந்த உடனே உக்காந்து, ரெண்டு, நாலு, ஆறு, எட்டுன்னு நாலு கட்டத்தையும் ஒரே மூச்சுல நிரப்பிட்டா. எங்க வார்டுப் பழக்கம் அது. கை இல்லாத நாள்ல மறுபடி தலைகாட்டுன பழக்கம். எழுதியாச்சு, அப்புறம் எதுக்குத் திருப்பணும்? இன்சார்ஜோட விரல் நின்னது அந்த வரியிலதான்.

பதினெட்டு பேஷண்டு, ரெண்டு நர்ஸு, அதெல்லாம் உண்மைதான், ஆனா அதை ஒரு சாக்கா எழுதாதீங்க. மத்த டூட்டியில திருப்பினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மத்தியான டூட்டியில திருப்பல.

அந்தத் தாளை இப்படித் தள்ளுங்க. இல்ல, நீங்க டைப் அடிச்சு வெச்சிருக்கற தாள் இல்ல, வெத்துத் தாள். பேனா குடுங்க... இந்தாங்க. சார்ட்டோட வெச்சு ஒத்துப் பாத்துக்குங்க. சுழி அதேதான். வாலுதான் கொஞ்சம் கோணல். வேணும்னா இன்னொண்ணு போட்டுத் தரேன்.

ஏன் வாயைப் பொளக்கறீங்க? நான் வரட்டுமா சார்? மணி நாலாகப் போகுது. டீச்சரம்மாவைத் திருப்பணும். நாலு மணிக் கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு.