அக்கரையில் வில்லாளி

— உங்க அக்கா பொம்மையை மேசையை விட்டு எடுக்காத, மாப்ள.

— அக்கா போனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முதல் ஆட்டம், அத்தான். கூட ஆடுற மத்த ரெண்டு பேரும் வந்துடுவாங்க. அவளோட வில்லாளி பொம்மை இங்க நின்னா யாருக்கும் பேச வாய் வராது.

— எடுத்துட்டு அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?

— வழக்கமா சொல்றதுதான். ஆட ஆள் வரலேன்னா, அந்தப் பாத்திரம் வேற ஊருக்குப் போயிட்டதா கதையில சேர்த்துடுவோம். வில்லாளி வடக்கு மலைக்குக் கிளம்பிட்டா. அவ்வளவுதான்.

— சொல்லாம கொள்ளாமலா?

— அத்தான், உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுமா?

— ஒருக்கா அவ அப்படிப் போனது போதாதாப்பா? தண்ணியெல்லாம் வேண்டாம். போன ஆட்டத்துல கதை எங்க நின்னுச்சு, அதைச் சொல்லு.

— பாலம் அறுந்துச்சு. அக்காவோட வில்லாளி அக்கரையில, நெஞ்சுல ஈட்டி பாய்ஞ்சு கிடக்கா. நீங்க உங்க கோடாலியோட இக்கரையில. நேரமாச்சுன்னு எழுந்துட்டோம்.

— அப்ப அவ இன்னும் அங்கதானே கிடக்கா. மலைக்கு எப்படிப் போவா?

— நான் போயிட்டான்னு சொன்னா போயிட்டாதான். கதையை நடத்துறவன் நான்.

— அதைத்தான்பா நானும் சொல்றேன். கதவுக்குப் பின்னாடி பூதமா பூனையான்னு நீ சொல்றதுதான். நாங்க ஆளுக்கொரு பாத்திரமா நின்னு பகடையை உருட்டுவோம், தீர்ப்பு உன்னுது. உங்க அக்கா அந்தத் தீர்ப்புக்காக உன்கூட எத்தனை தடவை மல்லுக்கு நின்னிருப்பா.

— சோபாவுக்கு அடியில உருண்டு போன இருபது முகப் பகடையில இருபதுதான் விழுந்துச்சுன்னு சத்தியம் பண்ணுவா.

— நானும் சாட்சி சொல்லுவேன்.

— நீங்க குனிஞ்சுகூடப் பாத்திருக்க மாட்டீங்க.

— பொண்டாட்டி சொல்றாப்பா. பாக்கணுமா?

— ஒரு தடவைகூட நான் விட்டுக் கொடுக்கல, அத்தான். கூடப் பிறந்தவளாச்சேன்னு பாத்தா மத்தவங்க எப்படி ஆடுவாங்க? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இப்ப வந்து அவளைப் பிழைக்க வைன்னு கேக்காதீங்க. வாரா வாரம் இந்த மேசையில உக்காந்து அவ குரல்ல நான் பேசணும். என்னால ஆகாது.

— நான் அப்படிக் கேட்டனா?

— பின்ன எதுக்கு எல்லாருக்கும் முன்னாடியே வந்து உக்காந்திருக்கீங்க?

— ஆஸ்பத்திரியில நீதானே பக்கத்துல இருந்த.

— ஆமா.

— கையைப் பிடிச்சிருந்தியா?

— பிடிச்சிருந்தேன்.

— எங்க கிடங்குக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. அங்கயும் விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் பாட்டுக்குப் பெட்டி ஏத்திக்கிட்டு இருக்கேன், போன் அலமாரியில கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வெளிய வந்து பாத்துட்டு விழுந்தடிச்சு ஓடியாந்தா, முகத்தை மூடிட்டாங்கப்பா.

— நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களை யாராவது குறை சொன்னோமா?

— சொல்லியிருந்தாக்கூடத் தேவல. மாப்ள, அவளைப் பிழைக்க வைக்கச் சொல்லி நான் வரல. அவ சாகட்டும். இங்க, இந்த மேசையில. நான் பக்கத்துல இருக்கறப்போ.

— என்ன அத்தான் பேசறீங்க.

— ஆத்தை நீந்திக் கடக்கணும்னா பகடை பதினெட்டுக்கு மேல விழணும். அப்படித்தானே? கொடு. விழற வரைக்கும் உருட்டறேன்.

— ஒரு தடவைதான் உருட்டலாம்.

— தெரியும்பா. கொடு.

— அத்தான்.

— ஒரு தடவைதானே. இரு, உருட்டிடறேன்.

— பகடையைக் கீழ வைங்க. நீங்க கரையேறிட்டீங்க. அவ இன்னும் கண்ணை மூடல, உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.