கரை ஒதுங்கிய கடல்பசு

தங்கச்சிமடத்தில் பஸ் ஏறிய ஒரு அம்மாளும் ஓர் ஆளும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கடலைக் காக்க ஊர் ஊராக வகுப்பெடுக்கும் ஒரு தொண்டு அமைப்பின் டீஷர்ட் இருவர் மேலும். அந்த அம்மாளின் டீஷர்ட் மட்டும் காய்ந்திருந்தது. கூட வந்தவர் தெப்பலாக நனைந்திருந்தார். அவர் மடியில் சாம்பல் நிறக் கடல்பசு வேஷம், அதிலும் தண்ணீர் சொட்டியது.

"என்னையத் தூக்கிக் கடல்ல விட்டுட்டாகக்கா" என்றார். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"யாரு?" என்றார் அம்மாள்.

"ஊர்க்காரகதான். நீங்க மைக் எடுக்கப் போனீகள்ல, அந்நேரம் கரை ஒதுங்குன கடல்பசு மாதிரி படுத்துக் காட்டுனேன். நாலு பேரு வந்து தூக்கிட்டாக."

"மனுசன்னு சொல்ல வேண்டியதுதான?"

"கத்துனேன். 'பயத்துல துள்ளும், விட்றாதீகன்னு அக்கா சொல்லியிருக்காக'ன்னு ஒருத்தரு சொல்றாரு."

"போன மாசக் கிளாஸ்ல நாந்தான் சொன்னேன்."

"நீந்திக் கரைக்கு வந்தா மறுபடி தள்ளி விடுறாக."

"திரும்பி வந்தா ஆழத்துல விடணும். அதுவும் நான் சொன்னதுதான்." அந்தக் குரலில் பெருமை.

"சிரிச்சுக்கிட்டேதாங்க்கா செஞ்சாக."

"சிரிச்சா என்ன? வாலப் பிடிச்சு இழுத்தாகளா?"

"இல்ல. ஒருத்தரு வாலத் தொடப் போனாரு, மத்த மூணு பேரும் 'வாலத் தொடக்கூடாது'ன்னு அவர வஞ்சாக."

அம்மாள் நோட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்: "பயிற்சியின் பலனாக, கரை ஒதுங்கிய கடல்பசு ஒன்று கடலில் விடப்பட்டது."

நனைந்தவர் எட்டிப் பார்த்தார்.

"உயிரோடன்னு சேத்துக்கங்கக்கா. வீட்ல படிப்பாக."